மகள் விடுதியில் சேர்கிறாள்: விதிப்புத்தகத்தை எப்படிப் படிப்பது?

காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். பொறியியல் கலந்தாய்வில் என் மகளுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் விடுதியில் தங்கிப் படிக்கப் போகும் முதல் பிள்ளை அவள்தான். நானும் என் மனைவியும் கும்பகோணத்தில் பிறந்து, வீட்டுச் சாப்பாட்டோடு அங்கேயே கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள் என்பதால், விடுதியைப் பற்றி எங்களுக்குக் கேள்வி ஞானம் மட்டுமே உண்டு.

சேர்க்கைக் கடிதத்துடன் ஆங்கிலத்தில் ஒரு விதிப்புத்தகமும், பெற்றோர் கையெழுத்திட வேண்டிய சில படிவங்களும் வந்திருக்கின்றன. மகள் படித்துப் பொருள் சொன்னாள். விதிகள் புரிந்தன, அவற்றுக்கான காரணங்கள்தான் புரியவில்லை. வெந்நீர் வைக்கும் கெட்டில்கூட ஏன் கூடாது? மெஸ் கட்டணம் மாதாமாதம் மாறும் என்கிறார்கள், அது எப்படி? ராகிங் செய்ய மாட்டேன் என்று மகள் உறுதி அளிப்பது சரி, நான் ஏன் உறுதி அளிக்க வேண்டும்? அதே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்காள் மகளின் அறையிலேயே இவளுக்கும் இடம் கொடுங்கள் என்று கேட்டதற்கு, விதி இடம் தராது என்று ஒரே வரியில் பதில் வந்தது. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய வார்டன்

ஐயா, வணக்கம். கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருந்துகொண்டே நெடுங்காலம் துணைக் காப்பாளர் பொறுப்பையும் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

விதிகளுக்கு முன்னால், விடுதியில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வார்டன் என்பவர் இரவும் பகலும் விடுதி வாசலிலேயே அமர்ந்திருப்பார் என்றுதான் பல பெற்றோர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் முதல்வரே பெயரளவில் தலைமைக் காப்பாளர். அவருக்குக் கீழே இருக்கும் துணைக் காப்பாளர்கள் பகலில் வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள். இரவில் விடுதியிலேயே தங்குபவர், பெண்கள் விடுதியில் பெரும்பாலும் மேட்ரன் என்று அழைக்கப்படும் பெண்மணி. பணம் வாங்குவதும் ரசீது கொடுப்பதும் விடுதி அலுவலகத்தின் வேலை. வாயிலைப் பார்ப்பது காவலர்களின் வேலை. குழாய் ஒழுகினால் அலுவலகத்தில் உள்ள புகார்ப் பதிவேட்டில் எழுத வேண்டும், காய்ச்சல் என்றால் மேட்ரனிடம் சொல்ல வேண்டும், அறை மாற்றம் வேண்டுமென்றால் மாணவியே எழுத்து மூலமாகத் துணைக் காப்பாளரிடம் கேட்க வேண்டும். மின்விசிறி ஓடவில்லை என்று ஒரு தந்தை முதல்வரையே அழைத்தாலும், அந்தச் செய்தி படிப்படியாக இறங்கி அதே பதிவேட்டுக்குத்தான் வந்து சேரும். பிள்ளை நேராக எழுதியிருந்தால் அன்று மாலையே எலக்ட்ரீசியன் வந்திருப்பார்.

கெட்டில் விஷயத்துக்குக் கணக்கு இருக்கிறது. அறையில் உள்ள சாதாரண சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. நம் ஊர் மின்னழுத்தம் 230 வோல்ட் என்பதால், அது தாங்கக்கூடியது ஏறத்தாழ 1,380 வாட். கெட்டில் பெரும்பாலும் 1,500 வாட். இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட் வரை இழுக்கும். வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் கம்பி மின்சாரத்தோடு ஈரத்தையும் சேர்த்து வைக்கும் பொருள். செல்பேசி சார்ஜர் இவற்றோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. வீட்டில் ஒரே ஒரு கெட்டில் இருக்கும். விடுதியில் ஒரு தளத்தில் நாற்பது அறைகள், எல்லாருக்கும் காலை ஏழு மணிக்கே காபி வேண்டும். வயர் சூடாவது சுவருக்குள் நடப்பதால் யார் கண்ணிலும் படாது. எனவே இந்த விதியில் மட்டும் வார்டனிடம் மன்றாடாதீர்கள். தளத்துக்கு ஒரு பொது வெந்நீர்க் குழாய் இருக்கிறதா என்று கேளுங்கள், அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அக்காள் மகளின் அறையில் இடம் மறுத்ததும் கல்லூரியின் பிடிவாதம் அன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ராகிங் தடுப்பு ஒழுங்குமுறையின்படி, முதலாண்டு மாணவர்களை இயன்றவரை தனிக் கட்டடத்தில் தங்க வைக்க வேண்டும்; மூத்தவர்கள் அங்கே வந்து போவதையும் கண்காணிக்க வேண்டும். உறவுக்காரப் பெண் என்று ஒருவருக்கு விலக்கு கொடுத்தால், மறுநாள் அலுவலகத்தில் அக்காள் தங்கைகளாகவே வந்து நிற்பார்கள். உங்கள் மருமகள் மாலை நேரத்தில் மெஸ்ஸிலோ நூலகத்திலோ உங்கள் மகளைச் சந்திப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை.

மெஸ் செயலர், சேலம்

மாணவனாக இருந்த காலத்தில் எங்கள் விடுதியின் மெஸ் செயலராக இருந்தவன் நான். கட்டணம் ஏன் மாறுகிறது என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் வீட்டில் பிள்ளைகள் மீது வீண் சந்தேகம் எழுவது இந்த ஒரு ரசீதால்தான்.

மெஸ் இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, ஒப்பந்தக்காரரிடம் விட்டு மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை வாங்குவது. மற்றொன்று டிவைடிங் முறை. இதில் அரிசி, காய்கறி, பால், கேஸ், சமையல்காரர் சம்பளம் என்று அந்த மாதம் ஆன செலவு முழுவதையும் கூட்டி, அதை மொத்தச் சாப்பாட்டு நாட்களால் வகுப்பார்கள். 300 பேர் 30 நாளும் சாப்பிட்டால் 9,000 சாப்பாட்டு நாட்கள். செலவு 12,60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 140 ரூபாய், ஒருவருக்கு மாதம் 4,200 ரூபாய். அடுத்த மாதம் தீபாவளி வருகிறது, பாதிப் பேர் பத்து நாள் ஊருக்குப் போய்விடுகிறார்கள் என்றால், சாப்பாட்டு நாட்கள் குறையும். ஆனால் சமையல்காரர் சம்பளம் குறையாது. அதனால் ஊருக்குப் போகாமல் இருந்த பிள்ளைக்கு நாள் வீதம் ஏறியிருக்கும். மகள் எதையோ கூடுதலாக வாங்கிச் சாப்பிட்டுவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஊருக்குப் போன நாட்களுக்குப் பணம் கழிக்கப்படுவதை ரிடக்‌ஷன் என்போம். அது தானாக நடக்காது. தொடர்ந்து இத்தனை நாட்களுக்கு மேல் விடுப்பு இருக்க வேண்டும், இத்தனை நாட்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு கணக்கு உண்டு. முன்கூட்டியே எழுதிக் கேட்பதற்குக் காரணம், மறுநாளைக்கு எத்தனை படி அரிசி ஊறப் போடுவது என்பது அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவாகும். வெள்ளி இரவு பேருந்து ஏறி ஞாயிறு இரவு திரும்பும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் கழியாது.

டிவைடிங் மெஸ்ஸாக இருந்தால் மாதக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது வழக்கம். மாணவர் குழு கொள்முதலைப் பார்வையிடுகிறதா என்றும் கேளுங்கள். ஒப்பந்த மெஸ்ஸாக இருந்தால், உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணைய உரிமத்தின் எண் கண்ணில் படும்படி மாட்டப்பட்டிருக்கிறதா என்று சேர்க்கை நாளிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

சிவகாசி அம்மா

என் மகன் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், மகள் அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறாள். இந்த இழையைப் படித்துக்கொண்டு வந்ததில் எனக்குத் தோன்றியதை ஒளிக்காமல் எழுதுகிறேன். எனக்கு விதிகள் கடுமையாக இருப்பதுதான் பிடிக்கும். மகன் படிக்கும் இடத்தில் இரவு வருகைப் பதிவு முடிந்ததும் பெற்றோர் செல்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும். அது வந்த பிறகுதான் எனக்கு உறக்கம் வரும். அவன் சலித்துக்கொள்கிறான், சலித்துக்கொள்ளட்டும். பணம் கட்டுவது நாங்கள், ஏதாவது நேர்ந்தால் ஓடிப் போய் நிற்பதும் நாங்கள். மகளுக்கு இதைவிடக் கண்டிப்பான விடுதியாகத்தான் தேடுவேன். இதில் தவறு என்ன என்று யாராவது சொன்னால் கேட்கிறேன்.

நான்காம் ஆண்டு மாணவி

அம்மா, தங்கள் கவலை என் அம்மாவின் கவலையும்தான், அதனால் அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் விடுதியின் உள்ளே இருந்து பார்த்தால் இந்தக் கண்டிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் விடுதியில் அவுட்பாஸ், அதாவது வெளியே போவதற்கான அனுமதிச் சீட்டு, செயலி வழியாகத்தான் கிடைக்கும். நான் விண்ணப்பித்தால் அப்பாவின் செல்பேசிக்கு ஓடிபி போகும். அவர் அந்த எண்ணைச் சொன்னால்தான் துணைக் காப்பாளருக்கு விண்ணப்பம் நகரும். அப்பா வயலில் இருப்பார், செல்பேசி வீட்டில் இருக்கும். பல் வலிக்கு மருத்துவரைப் பார்க்கப் போக வேண்டிய மாலை முழுவதும் நான் வாயிலில் நிற்பேன். மேட்ரனுக்கு என் கன்னம் வீங்கியிருப்பது தெரியும். ஆனால் ஓடிபி இல்லாமல் அனுப்பினால் நாளை ஒரு பெற்றோர் கேள்வி கேட்பார் என்று அவரும் அஞ்சுகிறார். அந்த அச்சத்துக்குக் காரணம் நீங்கள் எல்லாரும் சேர்க்கை நாளில் கேட்கும் உறுதிமொழிகள்தான்.

மாணவர் விடுதியும் எங்கள் விடுதியும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. எங்கள் கதவு மாலை ஆறரைக்கு மூடப்படும், அவர்களுடையது ஒன்பதரைக்கு. நூலகமோ எட்டு மணி வரை திறந்திருக்கிறது. மதிப்பெண் பட்டியல் மட்டும் இருவருக்கும் ஒன்று. ஆறரையைத் தாண்டி ஒரு பெண் வந்தால், விளக்கக் கடிதம் எழுதி முடிக்கும்வரை வெளியே நிறுத்தப்படுகிறாள். இருட்டிய பிறகு சாலையோரம் நிற்க வைப்பதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

காவிரிக்கரை ஐயாவுக்கு ஒன்று. வார்டனைப் பற்றி இத்தனை பேர் எழுதிவிட்டார்கள், அறைத்தோழியைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஓராண்டு முழுவதும் தங்கள் மகளின் அன்றாடத்தைத் தீர்மானிக்கப் போவது விதிப்புத்தகம் அன்று, அந்த அறையில் இருக்கும் மற்ற இரண்டு அல்லது மூன்று பெண்கள். ஒருத்தி விளக்கை எரியவிட்டுப் பன்னிரண்டு மணி வரை படிப்பாள், ஒருத்தி ஒன்பதுக்கே உறங்குவாள். ஒருத்தி அசைவம், ஒருத்தி முட்டை நாற்றம்கூடத் தாங்க மாட்டாள். இதற்கெல்லாம் விதி கிடையாது, பேசித்தான் ஆக வேண்டும். எங்கள் அறையில் முதல் வாரத்திலேயே விளக்கு அணைக்கும் நேரத்தையும், செல்பேசியில் பேச வராந்தாவுக்குப் போவது என்பதையும் பேசி வைத்துக்கொண்டோம். பக்கத்து அறையில் ஓர் அம்மா அறைத்தோழியின் அம்மாவை அழைத்துப் பேசினார். அதற்குப் பிறகு அந்த இரு பெண்களும் ஆண்டு முடியும்வரை ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

மதுரை வழக்கறிஞர்

சட்டம் தொடர்பானவற்றை மட்டும் வரிசை பாராமல் எழுதுகிறேன்.

முதலில் ராகிங் உறுதிமொழி. 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி மாணவரும் பெற்றோரும் தனித்தனியாக, ஒவ்வோர் ஆண்டும், இதை அளிக்க வேண்டும். பல பெற்றோர் இதைத் தங்கள் பிள்ளைக்கான பாதுகாப்புப் பத்திரம் என்று நினைத்துக் கையெழுத்திடுகிறார்கள். அதில் எழுதியிருப்பது வேறு. உங்கள் பிள்ளை பிறரை ராகிங் செய்ய மாட்டாள், செய்தால் என்ன தண்டனை என்பதை நான் அறிவேன், இதற்கு முன் இக்காரணத்துக்காக எந்த நிறுவனத்திலிருந்தும் அவள் நீக்கப்படவில்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். ஆகவே அந்தத் தாளுக்கு முழு எடை வருவது இரண்டாம் ஆண்டில், உங்கள் மகள் மூத்தவள் ஆகும்போது. பெரும்பாலான வீடுகளில் அப்போது யாரும் அதைப் படிப்பதில்லை.

அடிப்பதும் அவமானப்படுத்துவதும் மட்டுமே ராகிங் என்று எண்ண வேண்டாம். மூத்தவரின் ரெக்கார்டு நோட்டையோ அசைன்மென்டையோ இளையவரை எழுத வைப்பதும், ட்ரீட் என்ற பெயரில் கட்டாயப்படுத்திச் செலவு செய்ய வைப்பதும் அதே வரையறைக்குள் வருகின்றன. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் சாதி, மதம், நிறம், வட்டாரம் முதலியவற்றைக் குறிவைத்துச் செய்யும் துன்புறுத்தலையும் வெளிப்படையாகச் சேர்த்தது. தண்டனை, வகுப்பிலிருந்து இடைநீக்கம், விடுதியிலிருந்து நீக்கம், தேர்வு எழுதத் தடை எனத் தொடங்கிக் கல்லூரியிலிருந்து நீக்கம் வரை போகும். செய்தவர் யார் என்று அடையாளம் காண முடியாவிட்டால் கூட்டாகத் தண்டிக்கவும் இடம் உண்டு. வேடிக்கை பார்த்தவனும் மாட்டிக்கொள்வது அதனால்தான். குற்றச் செயல் நடந்ததாகத் தெரியவந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய நிறுவனத் தலைவர் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கென்று தனிச் சட்டமும் இருக்கிறது. 1996ஆம் ஆண்டு நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு மூத்த மாணவரால் கொல்லப்பட்டது நம் தலைமுறைக்கு மறக்காது. அதைத் தொடர்ந்து 1997ஆம் ஆண்டில் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டாண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், குற்றம் உறுதியானால் கல்லூரியிலிருந்து நீக்கம் என்பது அதன் சாரம். நாடு முழுவதற்குமான கட்டணமில்லா உதவி எண் 1800-180-5522, எந்நேரமும் அழைக்கலாம், பெற்றோரும் அழைக்கலாம்.

அடுத்து, வாயில் மூடும் நேரம். சிவகாசி அம்மா அவர்கள் கவனிக்க வேண்டியது, மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு ஒழுங்குமுறை. பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதிக்கு இல்லாத பாகுபாடான விதிகளைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இரவு ஒன்பதரைக் கட்டுப்பாட்டை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதன் விளைவாக 2022 டிசம்பரில் வந்த அரசாணை இரு பாலருக்கும் ஒரே விதியை வைத்தது. முதலாண்டைக் கடந்தவர்கள் பதிவேட்டில் எழுதிவிட்டுத் தாமதமாகவும் உள்ளே வரலாம் என்றது. அதே மாவட்டத்தில் வேறொரு கல்லூரியில், விடுதியில் செல்பேசிக்கு விதித்த நேரத் தடையை ஏற்காததால் நீக்கப்பட்ட மாணவிக்கு 2019ஆம் ஆண்டில் அந்த நீதிமன்றம் ஆதரவாகத் தீர்ப்பளித்தது. இணைய வசதியைப் பெறுவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்பது அதன் காரணம். கேரளத் தீர்ப்புகள் நம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தா. ஆனால் இங்கே வழக்கு வந்தால் அவை எடுத்துக்காட்டப்படும்.

பதினெட்டு வயது நிறைந்த மாணவி சட்டப்படி மேஜர் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எங்கள் ஒப்புதல் இல்லாமல் எங்கும் அனுப்பக் கூடாது என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் கடிதம் கல்லூரிக்கும் உங்களுக்கும் இடையே ஓர் ஏற்பாடே தவிர, அவளுடைய உரிமையை அது அழித்துவிடாது.

சிவகாசி அம்மா

வழக்கறிஞர் ஐயா விளக்கியது புரிகிறது. ஆனால் நீதிமன்றம் சொல்வது ஒன்று, எங்கள் தெருவில் நாலு பேர் கேட்பது ஒன்று. பல் வலிக்காக ஒரு பெண் வாயிலில் நின்றாள் என்பதைப் படித்தபோது மட்டும் மனம் பதைத்தது. மருத்துவமனைக்குப் போவதற்கு ஓடிபி தேவையில்லை என்று எழுதிக் கொடுக்கப் பெற்றோருக்கு வழி உண்டா?

பழைய வார்டன்

உண்டு அம்மா, அதைக் கேட்பவர்கள்தான் இல்லை. மருத்துவத் தேவைக்கு மேட்ரன் உடனே அனுப்பலாம், அறுவைச் சிகிச்சை தவிர்த்த முதல் சிகிச்சைக்கு என் ஒப்புதல் உண்டு என்று ஒரு கடிதம் எழுதி, பிள்ளையின் இரத்த வகை, ஒவ்வாமை, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றையும் குறித்துக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். என் காலத்தில் அப்படிக் கடிதம் இருந்த பிள்ளைகளை நான் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் ஆட்டோவில் ஏற்றியிருக்கிறேன்.

மாணவி எழுதியதில் எனக்கு ஒரே ஒரு மாறுபாடு. முதல் பருவத்தில், ஊர் புதிது, மொழி வழக்குப் புதிது என்றிருக்கும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் இறுக்கமான நேரம் தேவை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதே நேரத்தை நான்காம் ஆண்டு வரை நீட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. வேலைக்கான நேர்காணலுக்குத் தனியாகப் பெங்களூரு போய் வரும் பெண், ஆறரை மணிக்கு மேல் வளாக நூலகத்துக்குப் போகக் கூடாது என்பது நகைப்புக்குரியது. இந்தத் திருத்தத்தை மாணவிகள் கேட்டபோதெல்லாம் நிர்வாகம் எங்களிடம் சொன்ன பதில், பெற்றோர் ஒப்ப மாட்டார்கள் என்பதுதான். பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் எழுந்து, எங்களுக்கு மறுப்பில்லை என்று சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

நான்காம் ஆண்டு மாணவி

முதல் பருவத்துக்கு மட்டும் என்றால், மாணவர் விடுதிக்கும் அதே நேரம் என்றால், ஐயா சொல்வதை ஏற்கிறேன். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஏற்க மாட்டேன்.

காவிரிக்கரை

இத்தனை பேர் பொறுமையாக எழுதியதற்கு நன்றி. என் மனைவி கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. போன வாரத்தில் பக்கத்து வீட்டுப் பையன் விடுதியில் சேர்ந்து, நாள்தோறும் இரவு அழைத்து அழுகிறான். அவன் தந்தை போய் அழைத்து வந்துவிடலாமா என்று யோசிக்கிறார். நம் பெண் அழுதால் என்ன செய்வது? எப்போது காத்திருப்பது, எப்போது கிளம்புவது?

பழைய வார்டன்

அழுகை மட்டும் என்றால் காத்திருங்கள். முதல் சில வாரங்கள் அழாத பிள்ளை அரிது. வீட்டில் பேசும்போது மட்டும் அழுதுவிட்டு, செல்பேசியை வைத்ததும் தோழிகளோடு சிரித்துக்கொண்டே மெஸ்ஸுக்குப் போகும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அழுகையை முழுவதும் கேட்ட அம்மா, பாவம், விடிய விடிய உறங்காமல் இருப்பார். ஒவ்வொரு வாரமும் ஊருக்கு வரச் சொல்வதுதான் இதில் பெரிய இடர். கோயம்புத்தூரிலிருந்து கும்பகோணத்துக்கு இரவு முழுவதும் பேருந்து. ஞாயிறு இரவு ஏறித் திங்கள் காலை இறங்கும் பிள்ளை முதல் வகுப்பில் இருக்க மாட்டாள், இருந்தாலும் விழித்திருக்க மாட்டாள். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 75 விழுக்காடு வருகை வேண்டும். உடல்நலம், விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களுக்குச் சான்றோடு 65 வரை தளர்வு உண்டு. அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. துணைக் காப்பாளர் கொடுக்கும் அவுட்பாஸ் விடுதிக்கு மட்டும்தான் விடுப்பு, வகுப்புக்கு அன்று. இதை அறியாமல் பருவ இறுதியில் என் முன் வந்து நின்ற பெற்றோர் பலர்.

ஆனால் சில அறிகுறிகளைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். வழக்கமாக அழைக்கும் பிள்ளை அழைப்பதையே நிறுத்திவிடுவது, காரணம் சொல்லாமல் திரும்பத் திரும்பப் பணம் கேட்பது, குறிப்பிட்ட ஒரு கட்டடத்துக்கோ ஆளிடமோ போக அஞ்சுவது, சாப்பாடும் உறக்கமும் பல நாட்களாகக் குலைந்திருப்பது, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு. கடைசியாகச் சொன்னதைக் கேட்டால் அன்றிரவே மேட்ரனை அழைத்துப் பிள்ளையோடு ஒருவரை இருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசுவார்கள். மற்றவற்றில் முதலில் பிள்ளையிடம் கேளுங்கள், நான் வார்டனிடம் பேசட்டுமா என்று. வேண்டாம் என்றால் ஏன் என்று கேளுங்கள். அவளுக்குத் தெரியாமல் நீங்கள் அழைத்தது ஒரு மணி நேரத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு எதையும் உங்களிடம் சொல்ல மாட்டாள்.

ஈரோட்டுக்காரன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வளாக விடுதியில் இடம் இல்லையென்று என் தங்கையைக் கல்லூரிக்கு எதிரே உள்ள தனியார் பெண்கள் விடுதியில் சேர்க்கச் சொல்கிறார்கள். இந்த விதிகள் அங்கேயும் பொருந்துமா?

மதுரை வழக்கறிஞர்

தம்பி, கல்லூரியின் விடுதி விதிகள் அங்கே பொருந்தா. தனியார் பெண்கள் விடுதிகள் 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள். வாடகையோடு ஜிஎஸ்டி கேட்டால், ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமலும் தொடர்ந்து 90 நாட்களுக்குக் குறையாமலும் தங்கும் விடுதி வசதிக்கு 2024ஆம் ஆண்டு முதல் விலக்கு இருப்பதைச் சொல்லுங்கள். முன்பணத்தில் எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ராகிங் தடுப்பு விதிகள் மட்டும் வளாகத்துக்கு வெளியே நடப்பதற்கும் பொருந்தும்.

காவிரிக்கரை

நேற்று மகளும் நானும் அமர்ந்து விதிப்புத்தகத்தை மறுபடியும் படித்தோம். மருத்துவ ஒப்புதல் கடிதத்தை அவளே எழுதினாள், நான் கையெழுத்திட்டேன். மெஸ் டிவைடிங் முறைதான் என்று அலுவலகத்தில் உறுதி செய்துகொண்டோம். ரிடக்‌ஷனுக்குத் தொடர்ந்து ஐந்து நாள் விடுப்பு வேண்டுமாம். கடைசியாக ஒரே ஒரு ஐயம். பெற்றோர் செல்பேசி எண் என்ற கட்டத்தில் எதை எழுதுவது? என்னுடையது சாதாரண பட்டன் செல்பேசி, பகலில் பெரும்பாலும் கடையில் சத்தத்துக்கு நடுவே இருப்பேன். மனைவியிடம்தான் நல்ல செல்பேசி இருக்கிறது. ஆனால் படிவத்தில் தந்தை பெயருக்குப் பக்கத்தில்தான் அந்தக் கட்டம் இருக்கிறது.

நான்காம் ஆண்டு மாணவி

ஐயா, அம்மாவின் எண்ணையே எழுதுங்கள். ஓடிபிக்குப் பட்டன் செல்பேசியும் போதும், ஆனால் உடனே எடுத்துப் பார்ப்பவரிடம் அது இருக்க வேண்டும். தந்தை பெயர் என்பதற்காகத் தங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டுப் பிறகு மாற்ற நினைத்தால், கடிதம், அடையாள அட்டை நகல், துணைக் காப்பாளர் கையெழுத்து என்று இழுக்கும். இரண்டாவது எண்ணுக்குக் கட்டம் இருந்தால் தங்களுடையதை அங்கே எழுதுங்கள். லோக்கல் கார்டியன் என்ற இடத்தைக் காலியாக விடாதீர்கள். கோயம்புத்தூரில் உறவினரோ நண்பரோ யாராக இருந்தாலும், முன்கூட்டியே அவரிடம் கேட்டுவிட்டு, அவருடைய புகைப்படத்தையும் சேர்க்கை நாளில் கையோடு கொண்டு வாருங்கள். எங்கள் விடுதியில் அன்று மட்டும் புகைப்படம் இல்லாததால் வரிசையிலிருந்து திரும்பிப் போனவர்கள் நிறைய.